அணையாத டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மழை பெய்துகொண்டிருந்தபோது ஏற்றமான சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தினேன். சறுக்கும் காரின் படம் போட்ட மஞ்சள் விளக்கு சில நொடிகள் விட்டுவிட்டு மின்னி, பிறகு அணைந்தது. சில நாள்களாக அதே விளக்கு, இன்ஜினை இயக்கியது முதல் அணையாமல் எரிகிறது. இரண்டும் ஒரே கோளாறுதானா? இந்த நிலையில் காரை ஓட்டலாமா?

பதில்: இரண்டும் வேறு வேறு. மழையில் நீங்கள் கண்டது கோளாறே அல்ல. டிராக்‌ஷன் கன்ட்ரோல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததன் அடையாளம் அது. இந்த அமைப்பு நான்கு சக்கரங்களின் வேகத்தையும் இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இன்ஜினின் விசையைப் பெறும் சக்கரம் ஒன்று மற்றவற்றைவிட அளவுக்கு மீறி வேகமாகச் சுழன்றால், அது சாலையில் பிடிமானத்தை இழந்துவிட்டது என்று கணித்து, அந்தச் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் அடக்குகிறது. தேவைப்பட்டால் இன்ஜினின் விசையையும் குறைக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் விளக்கு மின்னும், பிடிமானம் திரும்பியதும் அணைந்துவிடும்.

அணையாமல் எரியும் விளக்கு இதற்கு நேர்மாறான செய்தியைத் தருகிறது. அமைப்பு தன்னையே வேலையிலிருந்து விலக்கிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். முதலில், டேஷ்போர்டிலோ கியர் நெம்புகோலின் அருகிலோ உள்ள நிறுத்தும் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் அதற்கென்று தனி விளக்கு இருக்கிறது. சில கார்களில் ஒரே விளக்கே இரண்டையும் காட்டுகிறது. பொத்தானை அழுத்தியும், இன்ஜினை நிறுத்தி மீண்டும் இயக்கியும் விளக்கு அணையாவிட்டால் கோளாறு இருப்பதாகக் கொள்ளலாம்.

இந்த ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும்; ஈரமான சாலையில் நிதானமாக ஓட்டி, ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு சேர்க்கலாம். அதோடு, பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கும் எரிந்தால், அவசரமாக பிரேக்கை அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளக்கூடும் என்பதை நினைவில் வைத்து, முன்னால் செல்லும் வண்டியிலிருந்து இடைவெளியை அதிகமாக விட வேண்டும். இவற்றுடன் சிவப்பு நிற பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். அல்லது முன் பின் சக்கரங்களுக்கு இடையே பிரேக் விசையைப் பங்கிடும் ஏற்பாடு செயலிழந்து, பின் சக்கரங்கள் முன்கூட்டியே பூட்டிக்கொண்டு கார் சுழன்று திரும்பும் ஆபத்து இருக்கலாம். அப்போது காரைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: காரின் கணினியிலிருந்து கோளாறு விவரங்களைப் படிக்க உதவும் ஓபிடி இணைப்பில் பொருத்தும் விலை குறைந்த ஸ்கேனர் ஒன்றை வாங்கினேன். டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, கோளாறு எதுவும் இல்லை என்று அது காட்டுகிறது. ஸ்கேனர் பழுதா, கார் பழுதா?

பதில்: ஸ்கேனர் பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அது இன்ஜின் கணினியிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது. புகை வெளியேற்றம் தொடர்பான இன்ஜின் கோளாறுக் குறியீடுகளை எல்லா ஸ்கேனர்களும் படிக்கும்படி விதிகள் அமைந்திருக்கின்றன; பிரேக் கணினிக்கு அப்படிப்பட்ட பொதுக் கட்டாயம் இல்லை. டிராக்‌ஷன் கன்ட்ரோலின் மூளை ஏபிஎஸ் கணினிக்குள் இருப்பதால், அந்தக் கணினியோடு பேசத் தெரிந்த ஸ்கேனர்தான் உங்களுக்கு வேண்டும். வாங்கும் முன் அது உங்கள் காரின் ஏபிஎஸ் பகுதியைப் படிக்குமா, சக்கர வேகங்களை ஓடும்போதே காட்டுமா என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டாவது வசதி இல்லாத ஸ்கேனரால் பாதி வேலைதான் நடக்கும்.

அத்தகைய ஸ்கேனரில் 'சி' எழுத்தில் தொடங்கும் குறியீடுகள் பிரேக், ஸ்டியரிங் முதலிய அடிப்பகுதி அமைப்புகளைச் சேர்ந்தவை. பல கார்களில் சி0035 இடது முன் சக்கர வேக சென்சாரையும், சி0040 வலது முன் சக்கரத்தையும், சி0045 இடது பின் சக்கரத்தையும், சி0050 வலது பின் சக்கரத்தையும் குறிக்கின்றன. எழுத்தை அடுத்து 1 வந்தால் அது தயாரிப்பாளர் தமக்கென வகுத்துக்கொண்ட குறியீடு. அதன் பொருளை அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். 'யு' எழுத்தில் தொடங்குபவை கணினிகளுக்கு இடையிலான தகவல் தொடர்பு அறுந்ததைச் சொல்கின்றன. எடுத்துக்காட்டாக, யு0121 என்றால் ஏபிஎஸ் கணினியிடமிருந்து செய்தி வரவில்லை என்று வேறொரு கணினி முறையிடுகிறது.

குறியீடுகளைக் கண்டவுடன் அழித்துவிடுவது பலரிடமும் உள்ள பழக்கம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எந்த வேகத்தில், எந்த மின்னழுத்தத்தில், எப்போது கோளாறு பதிவானது என்ற விவரத்தைப் பல கணினிகள் குறியீட்டோடு சேர்த்து வைத்திருக்கின்றன; அழித்தால் அதுவும் போய்விடும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகு அழித்து, காரை ஓட்டிப் பார்த்து, எது திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். திரும்பி வருவதே இப்போது உயிரோடு இருக்கும் கோளாறு.

கேள்வி: ஸ்கேனரில் இடது முன் சக்கர வேக சென்சாரின் குறியீடு வந்தது. சென்சாரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது, சில நாள்களில் மீண்டும் எரிந்தது. இரண்டாவது முறையும் சென்சாரை மாற்றினார்கள், அதே கதைதான். புதிய சென்சார்கள் இரண்டுமே மோசமானவையாக இருக்க முடியுமா?

பதில்: முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. எனக்கு வரும் கடிதங்களில் மிக அதிகமாகக் காணப்படும் வீண் செலவு இதுதான் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். குறியீடு சுட்டிக்காட்டுவது சென்சார் என்ற பாகத்தை மட்டும் அல்ல. சக்கரத்தோடு சுழலும் பல்வளையம், அதன் எதிரே நிற்கும் சென்சார், இரண்டுக்கும் இடையிலான இடைவெளி, அங்கிருந்து கிளம்பும் வயர், கனெக்டர், ஏபிஎஸ் கணினியின் உள்ளே உள்ள மின்சுற்று ஆகிய அனைத்தும் சேர்ந்த பாதையைத்தான் அது குறிக்கிறது. அந்தப் பாதையில் சென்சார் ஒரு பகுதி மட்டுமே.

வயரிலிருந்து தொடங்குங்கள். முன் சக்கரம் ஒவ்வொரு முறை திரும்பும்போதும், ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அந்த வயர் வளைந்து நிமிர்கிறது. வெளியே உறை கொஞ்சமும் சேதமில்லாமல் இருக்க, உள்ளே செம்பு இழைகள் மட்டும் ஒவ்வொன்றாக அறுந்துபோவது உண்டு. நேராக நிற்கும்போது இழைகள் தொட்டுக்கொண்டிருப்பதால் மல்டிமீட்டர் எல்லாம் சரி என்றே காட்டும். திருப்பத்தில் இழைகள் பிரிந்ததும் கோளாறு பதிவாகிவிடும். ஆகவே, மீட்டரை இணைத்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பியும், வயரைக் கையால் மெதுவாக இழுத்து அசைத்தும் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி, உள்ளே ஈரமோ பச்சை நிறக் களிம்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். வயர் எங்கெங்கே கிளிப்பில் மாட்டப்பட வேண்டுமோ அங்கெல்லாம் மாட்டப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். சென்சாரை மாற்றும்போது ஒரு கிளிப்பை விட்டுவிட்டதால் வயர் டயரில் உரசித் தேய்ந்துபோவதும் நடப்பதுதான்.

அடுத்து சென்சாரின் வகையை அறிய வேண்டும், ஏனென்றால் அளக்கும் முறை அதைப் பொறுத்தது. பழைய வகையில் காந்தமும் கம்பிச் சுருளும் மட்டுமே உண்டு. வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. அதன் மின்தடை பெரும்பாலும் 1000 முதல் 2000 ஓம் வரை இருக்கும். சரியான அளவை அந்தக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம், அல்லது எதிர்ப் பக்கச் சென்சாரோடு ஒப்பிடலாம். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிதளவு மாறுதிசை மின்னழுத்தம் உண்டாக வேண்டும், வேகமாகச் சுழற்றினால் அது கூட வேண்டும். புதிய வகைச் சென்சாருக்குள் மின்னணுச் சில்லு இருக்கிறது. அதற்குக் கணினியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். இரண்டு வயர்களைக் கொண்ட பொதுவான அமைப்பில் அது 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறிமாறித் தாவி, அந்தத் தாவல்களாலேயே வேகத்தைத் தெரிவிக்கிறது. இந்தச் சென்சாரில் ஓம் அளவு எடுப்பதால் எந்தப் பயனும் இல்லை, சில்லு கெட்டுப்போகவும் கூடும். இக்னிஷனைப் போட்டுவிட்டு, கனெக்டரில் மின்சாரம் வந்து சேர்கிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை. வரவில்லை என்றால் எத்தனை சென்சாரை மாற்றினாலும் விளக்கு அணையாது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் பல்வளையத்தைப் பாருங்கள். பழைய வடிவமைப்பில் அது, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டில் இறுக்கிப் பொருத்தப்பட்ட இரும்பு வளையம். துரு அடியில் தடித்து அதைப் பிளந்துவிடும், அல்லது பற்களுக்கு இடையே சேறும் இரும்புத் தூளும் அடைந்துவிடும். பல புதிய கார்களில் கண்ணுக்குத் தெரியும் பற்களே இல்லை. சக்கர பேரிங்கின் ஒரு பக்க சீலில் வடக்கும் தெற்குமாக மாறிமாறிக் காந்தமேற்றிய வளையம் பதிந்திருக்கிறது. பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால், காந்தப் பக்கம் சென்சாருக்கு எதிரே வராமல் போய், சக்கரம் நன்றாகச் சுழன்றும் சமிக்ஞை சுத்தமாக வராது. உங்கள் காரில் அந்தப் பக்கத்துப் பேரிங்கை அண்மையில் மாற்றியிருந்தால், நான் முதலில் சந்தேகிப்பது அதைத்தான். காந்தத் துருவங்களைக் காட்டும் சிறிய அட்டை ஒன்று கிடைக்கிறது. பேரிங்கை அழுத்திப் பொருத்துவதற்கு முன் எந்தப் பக்கம் காந்தப் பக்கம் என்று அதைக் கொண்டு ஒரு நொடியில் அறியலாம். பேரிங் தேய்ந்து ஆட்டம் கொடுத்தாலும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் மாறி, அதே குறியீடு வரும்.

சென்சார் உட்காரும் துளையையும் மறக்க வேண்டாம். துளையைச் சுற்றித் துரு தடித்திருந்தால் சென்சார் மெல்ல வெளியே தள்ளப்பட்டு, இடைவெளி கூடிவிடும். புதிய சென்சாரைப் பொருத்தும் முன் அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்திருக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, இடது சென்சாரை வலது பக்கமும் வலதை இடது பக்கமும் மாற்றிப் பொருத்த முடியுமானால், அப்படிச் செய்து ஓட்டிப் பாருங்கள். குறியீடு சென்சாரோடு சேர்ந்து இடம் மாறினால் மட்டுமே சென்சார் குற்றவாளி. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனையை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கேள்வி: எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. ஆனால் காய்ந்த சாலையில் மெதுவாக பிரேக் பிடித்து நிற்கப் போகும் கடைசி நொடியில், பெடல் காலுக்கடியில் படபடவென்று துடிக்கிறது, கார் ஓரடி கூடுதலாக நகர்ந்து நிற்கிறது. பிரேக் பேடையும் டிஸ்கையும் மாற்றியும் பயனில்லை.

பதில்: டிஸ்க் வளைந்திருந்தால் துடிப்பு அதிக வேகத்தில் கூடுதலாகவும், நிற்கும் தறுவாயில் குறைவாகவும் தெரியும். உங்களுக்கு நடப்பது தலைகீழாக இருப்பதால், ஏபிஎஸ் தேவையில்லாத நேரத்தில் இயங்குகிறது என்றே கருதுகிறேன். மேலே சொன்ன பல்வளையத்தில் ஒரு விரிசல் விழுந்தால், அந்த இடத்தில் இரு பற்களுக்கு இடையிலான தூரம் மட்டும் கூடிவிடும். வேகமாக ஓடும்போது கணினி அதைப் பொருட்படுத்தாமல் விடலாம். மிகக் குறைந்த வேகத்திலோ, அடுத்த பல் வரத் தாமதமாவதைச் சக்கரம் திடீரென்று பூட்டிக்கொண்டதாக எண்ணி, அதன் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. சமிக்ஞை முழுவதுமாக அறுபடாததால் விளக்கு எரிவதில்லை.

இதைக் கண்டுபிடிக்க நான்கு சக்கர வேகங்களையும் ஸ்கேனரில் கோடுகளாக வரையச் சொல்லி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெல்லக் குறைத்து வரும்போது மூன்று கோடுகள் சீராக இறங்க, ஒன்று மட்டும் சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் வெட்டிவெட்டி விழும். அந்தச் சக்கரத்தின் வளையத்தைத் துடைத்துவிட்டு, முழுச் சுற்றும் கண்ணால் பாருங்கள். இந்தக் கோளாறைத் தள்ளிப்போட வேண்டாம். விளக்கு எரியாவிட்டாலும் இது பிரேக் தூரத்தைக் கூட்டும் கோளாறு.

கேள்வி: செக் இன்ஜின் விளக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும் ஒரே நேரத்தில் எரிகின்றன. ஏற்றத்தில் கார் இழுக்க மறுக்கிறது. பிரேக் சென்சார்களைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். எதைப் பார்ப்பது?

பதில்: இன்ஜினைப் பாருங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் தானாக இன்ஜின் விசையைக் குறைப்பதில்லை. விசையைக் குறை என்று இன்ஜின் கணினியைக் கேட்டுக்கொள்கிறது. இன்ஜினில் பற்றவைப்புத் தவறுகிறது, இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் சரியாகத் திறப்பதில்லை என்பது போன்ற சிக்கல் இருந்தால், அந்தக் கோரிக்கையை நிறைவேற்ற முடியாது என்று இன்ஜின் கணினி பதில் அனுப்புகிறது. உடனே டிராக்‌ஷன் கன்ட்ரோலும் ஒதுங்கிக்கொள்கிறது. இந்த நிலையில் விலை குறைந்த ஸ்கேனரே போதும். பி0300 போன்ற பற்றவைப்புக் குறியீடு வந்தால் ஸ்பார்க் பிளக்கையும் இக்னிஷன் காயிலையும் சரி செய்யுங்கள். சக்கரங்களின் பக்கம் யாரும் கை வைக்காமலே இரண்டு விளக்குகளும் அணையக் காண்பீர்கள்.

கேள்வி: தேய்ந்த டயர்களில் இரண்டை மட்டும் மாற்றினேன். அதன் பிறகு நெடுஞ்சாலையில் அவ்வப்போது டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு மின்னுகிறது. சாலை காய்ந்தே இருக்கிறது. டயருக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. சென்சார் அளப்பது சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதை மட்டுமே. டயரின் சுற்றளவு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. 205/55 ஆர்16 அளவுள்ள டயரின் வெளி விட்டம் ஏறக்குறைய 632 மில்லிமீட்டர். புதிய டயரின் வரிப்பள்ளத்தில் 8 மில்லிமீட்டர் ஆழமும் பழையதில் 2 மில்லிமீட்டர் ஆழமும் இருந்தால், விட்டத்தில் 12 மில்லிமீட்டர் வேறுபாடு வருகிறது; அதாவது கிட்டத்தட்ட 2 சதவீதம். சாலை நேராக இருந்தாலும் சிறிய டயர் அந்த அளவுக்கு வேகமாகச் சுழன்றாக வேண்டும். பல கார்கள் இந்த அளவு வேறுபாட்டைக் கற்றுக்கொண்டு பொறுத்துக்கொள்கின்றன. ஆனால் அதோடு காற்றுக் குறைவும் சேர்ந்தால், அல்லது புதிய டயர்கள் வேறு அளவுள்ளவையாக இருந்தால், கணினி சறுக்கல் என்று முடிவு செய்துவிடும்.

எனவே நான்கு டயர்களிலும் எழுதியிருக்கும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் படித்துப் பாருங்கள். காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டையின்படி சரி செய்யுங்கள். ஒரே அச்சில் உள்ள இரு டயர்கள் ஒரே வகையாகவும், ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்க வேண்டும். சிறிய அளவு ஸ்டெப்னியைப் போட்டு ஓட்டும்போது விளக்கு எரிந்தால் அதற்கும் காரணம் இதுவே.

கேள்வி: பேட்டரியை மாற்றிய அன்று முதல் விளக்கு எரிகிறது. அதே வாரத்தில் வீல் அலைன்மென்ட்டும் செய்தேன். காலையில் முதல் முறை காரைக் கிளப்பும்போது மேலும் பல விளக்குகள் வந்து போகின்றன. எது காரணம்?

பதில்: மூன்று தகவல்களையும் சேர்த்து எழுதியது நல்லது. ஸ்டியரிங் எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் சென்சார் ஒன்று ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. சில கார்களில் பேட்டரியைக் கழற்றியதும் அது தன் நடுநிலையை மறந்துவிடும். அவற்றில் பலவற்றில், நின்ற நிலையில் ஸ்டியரிங்கை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுமையாகத் திருப்பிவிட்டு, சிறிது தூரம் நேராக ஓட்டினால் அது மீண்டும் கற்றுக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஸ்கேனர் மூலம் நடுநிலையைப் பதிவு செய்தாக வேண்டும். வீல் அலைன்மென்ட்டுக்குப் பிறகு ஸ்டியரிங் சற்றே சாய்ந்த நிலையில் கார் நேராகச் செல்கிறதா என்றும் கவனியுங்கள். அப்படி இருந்தால், ஓட்டுநர் திருப்புகிறார், ஆனால் கார் திரும்பவில்லை என்று கணினி குழம்பும். நேரான சாலையில் ஸ்கேனர் காட்டும் ஸ்டியரிங் கோணம் 0-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் அலைன்மென்ட்டை முதலில் திருத்திவிட்டு, அதன் பிறகே நடுநிலையைப் பதிவு செய்ய வேண்டும்; முன்பின் மாறினால் உழைப்பு வீண்.

காலையில் பல விளக்குகள் வந்து போவது மின்னழுத்தத்தைச் சந்தேகிக்க வைக்கிறது. பேட்டரி புதியது என்பதால் அதை நம்பிவிட வேண்டாம். இரவு முழுவதும் நின்ற காரில் மல்டிமீட்டர் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி மின்சாரமே மிஞ்சியிருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வரை இருக்க வேண்டும். அளவு குறைந்தால் கணினிகள் தொடர்பை இழந்து ஒன்றன் மீது ஒன்று புகார் எழுதும். பேட்டரி முனைகளின் கவ்விகள் இறுக்கமாக இருக்கின்றனவா, இன்ஜினிலிருந்து காரின் உடலுக்குச் செல்லும் எர்த் வயர் துருப்பிடிக்காமல் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். விலை மிகவும் அதிகம். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அந்த முடிவுக்கு எந்தச் சோதனைகளின் மூலம் வந்தார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். யூனிட்டின் பெரிய கனெக்டரில் எல்லா ஃபியூஸ்களின் வழியாகவும் மின்சாரம் வருகிறதா, சுமையோடு அளக்கும்போதும் எர்த் சரியாக இருக்கிறதா, கனெக்டருக்குள் பிரேக் ஆயிலோ தண்ணீரோ புகுந்திருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'யு' குறியீடுகள் வந்திருந்தால் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரு தகவல் வயர்களையும் சோதித்திருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிய நிலையில் அந்த இரு வயர்களுக்கும் இடையே ஏறக்குறைய 60 ஓம் இருப்பது முறை. இரு முனைகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இணைந்து தரும் அளவு அது. 120 காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கலாம் அல்லது ஒரு முனைத் தடை துண்டிக்கப்பட்டிருக்கலாம். யூனிட்டை மாற்றினால் அது சரியாகாது.

இவை அனைத்தும் சரியாக இருந்து, பம்ப் மோட்டாரோ உள் மின்சுற்றோ கெட்டுவிட்டது என்ற குறியீடு அழித்த உடனே திரும்பினால், யூனிட் மீதான சந்தேகம் நியாயமானதே. பல யூனிட்களில் மின்னணுப் பகுதியை மட்டும் தனியே பிரித்துப் பழுது பார்க்க முடியும். அப்போது பிரேக் குழாய்களைத் திறக்க வேண்டியதில்லை. முழு யூனிட்டையும் மாற்றினால், அதைக் காரின் விவரங்களோடு பதிவு செய்வதும், உள் வால்வுகளை ஸ்கேனரால் இயக்கிக் காற்றை முழுவதும் வெளியேற்றுவதும் பல கார்களில் தேவைப்படும். இந்த இரண்டையும் செய்யும் வசதி அந்த ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறதா என்று, பணம் கட்டுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சேற்றில் சிக்கிய காரை வெளியே எடுக்க முயலும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தும் இன்ஜின் வேகமெடுக்கவில்லை. இதுவும் கோளாறா?

பதில்: இல்லை. சக்கரம் வெறுமனே சுழல்வதைக் கண்டு அமைப்பு விசையைக் குறைத்துவிட்டது. சேறு, தளர்ந்த மணல், ஆழமான பனி ஆகியவற்றிலிருந்து வெளியேற, பொத்தானை அழுத்தி டிராக்‌ஷன் கன்ட்ரோலைத் தற்காலிகமாக நிறுத்திக்கொள்ளலாம். கெட்டியான தரைக்கு வந்ததும் மீண்டும் இயக்கிவிடுங்கள்.